இவானாமி

குஷிரோ துறைமுகத்தில் மூன்றாம் எண் குளிர்கிடங்கு.
இரவு ஷிப்டில் இடைவேளை இருபது நிமிடம்.
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி
ரப்பர் பூட்ஸுகள் வாய் பிளந்து காய,
செதில் ஒட்டிய விரல்களோடு
நான் குகைக்குள் நுழைவேன்.

அதே குகை. அதே வௌவால்கள்.
ஒரு வௌவாலுக்கு நாற்பத்திரண்டு புள்ளி.
அடுத்த நிலைக்குப் பதினோராயிரம்.
வகுத்துப் பார்க்காதே என்பாள் ஃபுயுகோ.
பார்த்துவிட்டேன்:
இருநூற்று அறுபத்திரண்டு வௌவால்கள்.

கருங்கல் முதுகு,
தரையில் நடக்க நான்கு தடித்த கால்,
நெற்றியில் ஓயாமல் கசியும் உப்புநீர்.
அறுபத்தெட்டாம் நிலைத் திமிங்கிலம்
இந்தக் கிடங்கில் வேறு யாரிடமும் கிடையாது.
கிரேன் ஓட்டும் இகராஷி வளர்த்தது.
போன மார்ச்சில் கேபிளை மாட்டி
ஒரு நத்தையை வாங்கிக்கொண்டு
இதை எனக்குத் தள்ளிவிட்டார்.
"சலிச்சுப்போச்சு" என்றார், அவ்வளவுதான்.

ஆட்டத்தில் ஒரு சட்டம்:
கைமாறி வந்த மிருகம்
ஏழு முத்திரை இல்லாதவர் சொல் கேட்காது.
என்னிடம் நான்கு.

பேரலை என்று அழுத்துவேன்.
*இவானாமி கொட்டாவி விடுகிறது.*
பேரலை.
*இவானாமி முதுகைத் திருப்பிக்கொண்டது.*
பழம் கொடுத்தால் தின்னும்.
தின்றுவிட்டுத் தூங்கும்.
என் பேச்சைக் கேட்காதவர்கள் பட்டியல்
ஏற்கெனவே நீளம்:
மேற்பார்வையாளர் ஒனோதேரா,
குளியலறைக் குழாய்,
சப்போரோவில் படிக்கிற மகன்.
கடைசியில் ஒரு கல்லும் சேர்ந்தது.

வௌவால்களை நத்தைக்கூட்டம் கொல்ல
இது பின்னால் நின்று பங்கு வாங்கி வளர்ந்தது.
எழுபது. எழுபத்தொன்று.
வளர வளரத் திமிர்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள்
மூடுபனி கப்பல்துறையை விழுங்கியது.
படகு வரவில்லை, மீன் இல்லை, சம்பளம் மட்டும் ஓடியது.
இகராஷி காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கேபிளை வைத்தார்.
பதினோரு முறை என்னைத் தோற்கடித்தவர்.
பன்னிரண்டாவதற்கு
டின் காபி பந்தயம்.

என் ஐந்தும் சாய்ந்தன.
அவரிடம் மிச்சம் ஒரே ஒரு இடிக்கொக்கு,
அதற்கும் உயிர் ஒன்பது புள்ளிதான்.
என்னிடம் மிச்சம்
கொட்டாவி.

என் கருவியின் சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது.
பேட்டரி மாற்ற நேரமில்லை.
பேரலை என்று அழுத்தினேன், வேறென்ன அழுத்துவேன்,
எட்டு மாதமாய் என் கட்டைவிரலுக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனை.

இகராஷி சிரித்தார்.
அவர் வளர்த்த மிருகம், அவர் அறியாததா?
கொக்கு சிறகை விரித்தது.
சிறகெல்லாம் கண்ணாடி.
எந்த நீர் வந்து மோதினாலும்
இரு மடங்காய்த் திருப்பி அனுப்பும்.
ஃபுயுகோ "போச்சு" என்றாள், காதில்.

*இவானாமி சொன்னதைக் கேட்கவில்லை.*

பிறகு அது நடந்தது.
அவசரமே இல்லாமல், நான்கு கட்டைக் காலால்,
அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி
கொக்கின் அருகே போய்
*மிதித்தது.*

முதல் நிலையில் குட்டியாகக் கற்ற மிதி.
நல்லது ஏதாவது வந்ததும்
எல்லோரும் முதலில் அழித்துவிடும் மிதி.
கொக்கு சாய்ந்தது.

அடுப்பு மட்டும் சத்தம் போட்டது.
"மிதியா?" என்றார் இகராஷி.
"அதையா அழுத்தினே? அது இன்னும் இருக்குன்னே
எனக்கு ஞாபகம் இல்லையே."
தன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நான் எல்லாம் யோசித்தவள் போல
"ஆமாம்" என்றேன்.

காபி சூடாக இருந்தது.
ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடமே நீட்டினேன்.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் இரவு புது பேட்டரி, அதே குகை.
முதல் வௌவால் இறங்கியது.
பேரலையின் மேல் போன விரலை நிறுத்தி
கொஞ்சம் யோசித்தேன்.
பேரலையையே அழுத்தினேன்.

*இவானாமி கொட்டாவி விடுகிறது.*

சரி, உன் இஷ்டம்.
இன்னும் நூற்றுத் தொண்ணூறு வௌவால் இருக்கிறது.